சர்வரில் இடம் நிறைந்துவிட்டால்... எல்லைக்கல்லை நகர்த்தும் முன்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மணி நான்கு. ஒரு சிறிய அலுவலகத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த கணக்கு மென்பொருள் திடீரென்று நின்றுவிடுகிறது. சேமிக்க இடமில்லை என்று திரையில் ஒரே ஒரு வரி. கணினி பார்க்கும் இளைஞருக்குத் தொலைபேசி பறக்கிறது. அவர் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

“அண்ணே, சர்வர்ல இடம் நெறஞ்சிருச்சு.”

“ரெண்டு டெராபைட்டுன்னு சொல்லித்தானப்பா வாங்கினோம்? அதுக்குள்ள எப்படி நிறையும்?”

“இடம் இருக்குதுண்ணே. ஆனா நமக்கு வேண்டிய பக்கம் இல்ல. பக்கத்துப் பிரிவுல சும்மா கெடக்குது.”

“அப்படின்னா அதை எடுத்து இந்தப் பக்கம் போட்டுடு. அரை மணி நேரத்துல முடியுமா?”

இந்த உரையாடல் கிள்ளானிலும் நடக்கும், சிங்கப்பூரிலும் நடக்கும். கடைசிக் கேள்விக்கு “முடியும்” என்று சொல்லி உடனே வேலையில் இறங்கிவிடுகிறவர்கள் பலர். பெரும்பாலான நாள்களில் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. முடியாமல் போகும் அந்த ஒரு நாளில்தான் தலைவலி. மலேசியாவில் வருமான வரிக்கான கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகளுக்குக் காத்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் 5 ஆண்டுகள். அத்தனை ஆண்டுக் கணக்கும் குடியிருக்கும் வட்டின் எல்லைக்கோட்டை அழித்து மறுபடியும் வரைகிற வேலை இது என்பதை முதலாளியும் உணர்வதில்லை, சில வேளைகளில் கணினி பார்ப்பவரும் உணர்வதில்லை.

நிலமும் வீடும்

ஒரு வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து வைப்பதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். இயங்குதளத்துக்கு ஒரு பிரிவு, கோப்புகளுக்கு ஒரு பிரிவு, பதிவேடுகளுக்கு ஒரு பிரிவு என்று சர்வரில் இருக்கும். இதில் நியாயம் உண்டு. ஒரு பிரிவு நிரம்பி வழிந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஆனால் சர்வரை முதன்முதலில் நிறுவுகிறவர் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று ஒரு கணிப்பில்தான் வெட்டுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கணிப்பு பொய்த்துப் போவது சகஜம்.

எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற விவரம் வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். 1983இல் வெளிவந்த டாஸ் 2.0 காலத்து எம்பிஆர் முறையில் இந்த அட்டவணைக்கு மொத்தமே 64 பைட்தான். நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். பிறகு வந்த ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை எழுதலாம். அட்டவணையின் இன்னொரு பிரதி வட்டின் கடைசியிலும் இருக்கும். பழைய எம்பிஆர் முறையில், வழக்கமான 512 பைட் அளவுத் துண்டுகளைக் கொண்ட வட்டில், சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைச் சுட்டவே முடியாது. பழைய சர்வரில் 4 டெராபைட் வட்டைப் பொருத்திவிட்டு மீதி இடம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அட்டவணை என்பது நிலப்பட்டா போன்றது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை இன்னாருக்கு என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நிலத்தின் மேல் கட்டியிருக்கும் வீடு வேறு. அதுதான் கோப்பு முறைமை. எந்தக் கோப்பு எந்த அறையில் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குத்தான் தெரியும். விண்டோஸில் அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் எக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ்.

பிரிவின் அளவை மாற்றுவது என்றால் இந்த இரண்டையும் மாற்ற வேண்டும். எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் பாதி ஆபத்து அடங்கியிருக்கிறது. பெரிதாக்கும்போது முதலில் நிலம், பிறகு வீடு. அடுத்த மனையை வாங்கிப் பட்டாவில் ஏற்றிய பிறகே சமையலறையை நீட்டிக் கட்ட முடியும். சிறிதாக்கும்போது நேர் எதிர். முதலில் வீட்டை உள்ளே இழுத்துச் சுருக்க வேண்டும், அதன் பிறகே பட்டாவில் அளவைக் குறைக்க வேண்டும். வீட்டைச் சுருக்காமல் பட்டாவை மட்டும் குறைத்தால் சமையலறை அடுத்தவர் நிலத்தில் நிற்கும். அந்த நிலத்தில் அடுத்தவர் கட்டடம் எழுப்பத் தொடங்கிய கணமே நம் சமையலறை போய்விடும்.

பெரிதாக்குவது பொதுவாகச் சாதுவான வேலை. சிறிதாக்குவது அப்படியல்ல. பெரிதாக்கும் வேலை பாதியில் நின்றாலும் பழைய வீடு பழைய இடத்தில்தான் இருக்கும். சிறிதாக்கும்போது ஓரத்தில் இருக்கும் கோப்புகளை எல்லாம் உள்ளே நகர்த்தியாக வேண்டும். பாதியில் நின்றால் எது எங்கே இருக்கிறது என்ற கணக்குக் குழம்பிவிடும்.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

அனுபவசாலிகளையும் காலை வாரிவிடும் ஒரு பொறி உண்டு. அளவு. வட்டு விற்கும் நிறுவனங்கள் ஜிகாபைட் என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. பல மென்பொருள்கள் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் தொகையை ஜிகாபைட் என்கின்றன. 100 ஜிகாபைட் என்று சொல்லும்போது முதல் கணக்கில் 10,000 கோடி பைட். இரண்டாவது கணக்கில் 10,737 கோடிக்கும் மேல். வித்தியாசம் ஏழு சதவீதத்தைத் தாண்டுகிறது.

லினக்ஸில் எக்ஸ்டி4 கோப்பு முறைமையைச் சுருக்கும் கருவி 1024 கணக்கைப் பின்பற்றுகிறது. பிரிவை மாற்றும் பார்ட்டட் என்ற கருவியிடம் ஜிபி என்று சொன்னால் அது 1000 கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே “100” தான் தட்டப்பட்டது, எந்தத் தவறும் செய்யவில்லை என்று கணினி பார்ப்பவர் நினைப்பார். ஆனால் வீட்டின் கடைசி 7 ஜிகாபைட் எல்லைக்கு வெளியே போயிருக்கும். அங்கே கோப்புகள் எதுவும் இல்லை என்றாலும், அந்தப் பிரிவை மறுபடியும் ஏற்ற முயலும்போது லினக்ஸ் மறுத்துவிடும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் வழி மிக எளிது. பிரிவு 100க்கு வர வேண்டும் என்றால் வீட்டை முதலில் 90க்குச் சுருக்குகிறார்கள். பிறகு பிரிவை 100க்குக் கொண்டுவருகிறார்கள். கடைசியில் வீட்டை, இருக்கிற நிலம் முழுவதற்கும் விரித்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். எண் எதுவும் சொல்லாவிட்டால் கருவியே எல்லைவரை சரியாக விரித்துக்கொள்ளும். இடைவெளி விட்டுச் சுருக்குவதால் எந்தக் கணக்காக இருந்தாலும் வீடு எல்லையைத் தாண்டாது. கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். அவ்வளவுதான்.

இன்னொன்று, பிரிவின் தொடக்கப் புள்ளியில் கை வைக்கவே கூடாது. பழைய கருவிகளில் பிரிவைப் பெரிதாக்க, அட்டவணையில் அதை நீக்கிவிட்டு மறுபடியும் எழுத வேண்டியிருக்கும். நீக்குவது என்றதும் நெஞ்சு படபடக்கும். உண்மையில் அட்டவணையில் ஒரு வரி போகிறதே தவிர, கோப்புகளை யாரும் தொடுவதில்லை. அதே தொடக்கப் புள்ளியை எழுதினால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இப்போதைய வட்டுகளில் முதல் பிரிவு வழக்கமாக 2048ஆம் துண்டில் தொடங்கும். மிகப் பழைய முறையில் 63ஆம் துண்டு. பழைய வட்டில் 63 என்று இருந்ததைக் கவனிக்காமல் புதிய கருவி காட்டும் 2048க்குச் சரி என்று தட்டிவிட்டால், சர்வர் அந்தப் பிரிவைக் காலி நிலமாகத்தான் பார்க்கும். பதறிப்போய் அதன் மேல் ஃபார்மெட் செய்யாமல் இருந்தால், பழைய எண்ணை மறுபடியும் எழுதி மீட்டுவிடலாம். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மீட்பு மென்பொருள்கள் இழந்த தொடக்கப் புள்ளியைத் தேடிக் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் வேலை தொடங்குவதற்கு முன் அட்டவணையின் பிரதியை எடுத்து வேறொரு கணினியிலோ பென்டிரைவிலோ வைக்கச் சொல்கிறார்கள். அதே சர்வரில் வைப்பதால் பயனில்லை.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வீட்டை நீட்ட வேண்டும் என்றால் நமக்கு ஒட்டினாற்போல் காலி இடம் இருக்க வேண்டும். நான்கு வீடு தள்ளி இருக்கும் காலி மனையால் பயனில்லை. விண்டோஸ் சர்வரின் சாதாரண வட்டிலும் அப்படித்தான்: பிரிவுக்கு அடுத்து, அதன் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ள முடியும். விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் இயங்குதளம் இருக்கும் பிரிவை விரிக்கவே அதன் சொந்தக் கருவியில் வழி இல்லை. அதனால்தான் பார்ட்டிஷன் மேஜிக் போன்ற தனி மென்பொருள்களுக்கு அப்போது அவ்வளவு மவுசு. 2008 பதிப்பு முதல் விரிக்கவும் சுருக்கவும் விண்டோஸிலேயே வசதி வந்துவிட்டது.

ஆனாலும் பல சர்வர்களில் இந்த விரிக்கும் பொத்தான் மங்கலாகவே இருக்கும். காரணம், சி பிரிவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் மீட்புப் பிரிவு என்ற சின்ன அயல்வாசி உட்கார்ந்திருப்பார். விண்டோஸ் எழுந்திருக்க மறுக்கும்போது உதவும் கருவிகள் அதில் இருக்கின்றன.

இந்தச் சின்ன அயல்வாசி 2024 ஜனவரியில் உலகம் முழுவதும் கணினி பார்ப்பவர்களை ஆட்டிவைத்தார். அம்மாதம் 9ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. கணினியைக் கையில் எடுத்த ஒருவர் மீட்புக் கருவிகளின் வழியாக பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிவிட வாய்ப்பு இருந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் அது. விண்டோஸ் 10, விண்டோஸ் சர்வர் 2022 இரண்டுக்கும் தனித்தனியே வந்தது. அதற்கு மீட்புப் பிரிவில் 250 மெகாபைட் காலி இடம் வேண்டும். பல கணினிகளில் அந்தப் பிரிவே மொத்தம் 500 மெகாபைட் அளவில்தான் இருந்தது. இடம் போதாமல் திருத்தம் பதியாமல் நின்றது. திரையில் தோன்றிய பிழை எண்ணில் இடப் பற்றாக்குறை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நிறுவனம் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? பிரிவை நீங்களே கையால் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். மீட்புக் கருவிகளை முதலில் முடக்க வேண்டும். சி பிரிவை 250 மெகாபைட் சுருக்க வேண்டும். மீட்புப் பிரிவை நீக்கி, கூடுதல் அளவில் புதிதாக உருவாக்கி, அதற்குரிய அடையாள எண்ணை எழுத்துப் பிசகாமல் தட்டி, மறுபடியும் கருவிகளை இயக்க வேண்டும். கறுப்புத் திரையில், கட்டளை வரியில், சாதாரண மக்களிடம் இதைச் செய்யச் சொன்னார்கள். நீக்கும் கட்டளையை இடும்போது தேர்வில் இருப்பது மீட்புப் பிரிவா, சி பிரிவா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விண்டோஸில் சுருக்கும்போது இன்னொரு தடங்கலும் வரும். 300 ஜிகாபைட் காலியாக இருந்தாலும் 20 மட்டுமே சுருக்க முடியும் என்று கருவி பிடிவாதம் பிடிக்கும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருப்பதே காரணம். நினைவகத்துக்குத் துணை நிற்கும் பேஜ் கோப்பு, பழைய நிழல் பிரதிகள் போன்றவை அவை. பேஜ் கோப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, சர்வரை ஒரு முறை மூடித் திறந்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். வற்புறுத்திச் சுருக்கித் தருகிறேன் என்னும் வெளி மென்பொருள்களை நாடுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஆர்இஎஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் எந்த முயற்சியும் வேண்டாம். அதைச் சுருக்கவே முடியாது.

லினக்ஸ் வீடுகள்

லினக்ஸிலும் வீட்டுக்கு வீடு சுபாவம் வேறு. எக்ஸ்டி4 பிரிவைச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரிக்கலாம். சுருக்க வேண்டும் என்றால் அந்தப் பிரிவை இறக்கிவைத்துவிட்டு, பிழை இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே முடியும். இயங்குதளமே அந்தப் பிரிவில் இருந்தால் வேறொரு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் விரியும், சுருங்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2014இல் வெளிவந்த ரெட்ஹேட் 7 முதல் அந்தக் குடும்பத்துச் சர்வர்களில் எக்ஸ்எஃப்எஸ்தான் இயல்பாக வருகிறது. ஆகவே ஒரு பிரிவைச் சுருக்கி இன்னொன்றுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போடுவதற்கு முன் எந்த வீடு என்று கேட்டுக்கொள்வது அவசியம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, பிரிவைச் சிறிதாகப் புதிதாக அமைத்து, திரும்பக் கொண்டுவருவதுதான் ஒரே வழி.

லினக்ஸின் பெரிய வரப்பிரசாதம் எல்விஎம் என்ற முறை. இது பட்டாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் மாதிரி. வட்டுகளில் உள்ள இடத்தை எல்லாம் ஒரு பொதுக் குவியலில் சேர்த்துவிட்டு, வேண்டியவருக்கு வேண்டிய அளவு அளந்து கொடுக்கும். ஒட்டினாற்போல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. நாளைக்குப் புதிய வட்டு ஒன்றைப் பொருத்தினால் அதையும் குவியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. உபுண்டு சர்வரின் இப்போதைய நிறுவல் முறையில், எல்விஎம் அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு போனால், பெரிய வட்டாக இருந்தால் இயங்குதளப் பிரிவுக்கு 100 ஜிகாபைட் மட்டும் கொடுத்துவிட்டு மீதியைக் குவியலிலேயே விட்டுவைக்கும். பிற்பாடு தேவைப்படும் என்ற முன்யோசனைதான். வட்டு நிறைந்துவிட்டது என்று பதறிப் புதிய வட்டு வாங்கக் கிளம்புகிறவர்களின் சர்வரில் 400, 900 ஜிகாபைட் யாரும் தொடாமல் கிடப்பது இதனால்தான். அந்த நிலையில் இரண்டே கட்டளைகளில், சர்வரை நிறுத்தாமல், விரித்துவிடலாம்.

எல்விஎம்மிலும் சுருக்கும்போது கவனம் வேண்டும். சுருக்கும் கட்டளையோடு, கோப்பு முறைமையையும் சேர்த்துச் சுருக்கு என்ற குறிப்பைக் கொடுக்காமல் விட்டால், பழைய பதிப்புகளில் அது நிலத்தை மட்டும் வெட்டிவிடும். தரவு அழியலாம் என்று ஓர் எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கைக்கு எப்போதும் “ஆம்” தட்டிப் பழகிய விரல் அதற்கும் “ஆம்” என்றே தட்டும்.

கை வைப்பதற்கு முன்

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றே சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்தீர்கள் என்பதுதான். திறந்து பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததற்குச் சமம். ரெய்ட் போட்டிருக்கிறோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். ரெய்ட் என்பது ஒரு வட்டு பழுதானால் இன்னொன்று தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு. நாம் தவறாக வெட்டினால் அது எல்லா வட்டுகளிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக வெட்டப்படும். மெய்நிகர் சர்வர்களில் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் அதே வட்டை நம்பித்தான் நிற்கிறது.

வட்டின் பெயரையும் நம்பக்கூடாது. லினக்ஸில் முதல் வட்டு, இரண்டாம் வட்டு என்னும் பெயர்கள் கணினியை மூடித் திறக்கும்போது இடம் மாறலாம். வட்டின் வரிசை எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்வதே முறை. அதோடு வட்டின் உடல்நலத்தையும் பார்த்துவிட வேண்டும். பழுதான துண்டுகள் உள்ள வட்டில் கோப்புகளை அங்கும் இங்கும் நகர்த்துவது, காய்ச்சலில் படுத்திருப்பவரை மாரத்தான் ஓடச் சொல்வது போல.

மின்சாரம் இன்னொரு கவலை. நம் பக்கத்துப் பிற்பகல் இடியும் மின்னலும் யாருக்கும் புதிதல்ல. யூபிஎஸ் இல்லாத சர்வரில், மழை கட்டிக்கொண்டு நிற்கும் மாலையில் பிரிவை நகர்த்துவது துணிச்சல் ஆகாது. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் முறையாக நிறுத்த வேண்டும்.

சொல்லப்போனால், எல்லைக்கல்லை நகர்த்தத்தான் வேண்டுமா என்பதையே முதலில் பார்க்கலாம். பெரும்பாலும் இடத்தைத் தின்பவை யாரும் படிக்காத பதிவேடுகளும் பழைய பேக்கப்களும்தான். லினக்ஸில் ஒரு பெரிய கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு மென்பொருள் அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த மென்பொருளை மூடித் திறந்தால் இடம் வந்துவிடும். எக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கிறது. 2 டெராபைட் பிரிவில் அது 100 ஜிகாபைட். கோப்புகள் மட்டும் உள்ள பிரிவாக இருந்தால் இந்த ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். எந்தக் கல்லும் நகராது.

அப்படியும் போதவில்லை என்றால் பெரிய வட்டு ஒன்று வாங்கி, அதில் நிதானமாகப் பிரிவுகளை அமைத்து, கோப்புகளை நகலெடுத்துவிட்டு, பழைய வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவது மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஏதாவது பிசகினால் பழையதை எடுத்து மாட்டினால் போதும், திங்கட்கிழமை கடை திறந்துவிடும். 7 ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இருநூறு, முந்நூறு வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளிகளை நினைத்தால்தான் வியப்பாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை இளைஞர் விவரம் தெரிந்தவராக இருந்தால், பழைய பதிவேடுகள் சிலவற்றை வேறிடத்துக்கு மாற்றி, அன்றைய பில் வேலை ஓடுவதற்கு மட்டும் இடம் உண்டாக்கிக் கொடுத்துவிட்டு இப்படித்தான் சொல்லியிருப்பார்:

“இன்னிக்கு இது போதும்ண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில வந்து மத்ததைச் செஞ்சு தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. போன மாச பேக்கப்லேருந்து ஏதாவது ஒரு பில்லைத் தொறந்து காட்டுங்க.”

“பேக்கப்பா? அதைத் தங்கச்சிதான் எடுத்து வைக்கும். எங்கேம்மா அந்த டிரைவு?”